மேற்கு டெக்சஸ் கவுண்டிகளில் திருமண உரிமமும் பழைய திருமணப் பதிவுகளும்: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

மிட்லண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் எனக்குத் திருமணம். மணப்பெண்ணும் நானும் மிட்லண்டில்தான் வேலை செய்கிறோம். ஊரில் உறவுக்காரர்களை அழைத்து ஆகஸ்டில் விருந்து வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். விசா வேலைகள் காத்திருப்பதால் சட்டப்படியான திருமணத்தை இங்கேயே முடிக்க வேண்டும். ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப எங்கள் இருவருக்கும் மனம் ஒப்பவில்லை. அதனால் பிக் பெண்ட் பக்கம் டெர்லிங்குவாவில், மலையைப் பார்த்தபடி ஒரு சிறிய இடத்தை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். இரு வீட்டுப் பெற்றோரும் நண்பர்கள் பத்துப் பேரும் மட்டும் வருகிறார்கள். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முகூர்த்தம் என்று அம்மா குறித்து அனுப்பிவிட்டார்.

டெர்லிங்குவா ப்ரூஸ்டர் கவுண்டியைச் (நம் ஊர் மாவட்டம் போன்றது) சேர்ந்தது. தலைமையிடம் அல்பைன், அங்கிருந்து ஏறத்தாழ எண்பது மைல். உரிமத்தை அல்பைனில்தான் வாங்க வேண்டுமா? எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்போதிலிருந்து கணக்கு? சாட்சிகளாக அப்பாக்கள் கையெழுத்திட வேண்டுமா? இன்னொரு கவலையும் உண்டு. மணப்பெண்ணின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. இதனால் உரிமம் மறுக்கப்படுமா?

வைகைக்கரை எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. நான் ஒடெஸ்ஸாவில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் திருமணமும் இங்கேதான் நடந்தது. பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

டெக்சஸில் எந்தக் கவுண்டி கிளார்க் (கவுண்டியின் பதிவு அலுவலர்) கொடுத்த உரிமமும் மாநிலம் முழுவதும் செல்லும். மிட்லண்டிலேயே வாங்கிக்கொண்டு டெர்லிங்குவாவில் தாலி கட்டலாம், தடை இல்லை. ஆனால் இருவரும் நேரில் போவதே முறை. நேரில் வரவே முடியாதவருக்காக இன்னொருவர் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பிக்கலாம், ஆனால் திருமணத்தில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கும் வசதி, வெளிநாட்டில் பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு மட்டுமே. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை கிடையாது. சாட்சியும் கிடையாது. அப்பாக்கள் கையெழுத்துப் போட ஆசைப்பட்டால் அதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. இதைக் கேட்டு என் மாமனார் வருத்தப்பட்டார். தனியே ஒரு குடும்ப ஏட்டில் எல்லோரும் கையெழுத்திட்டோம், மனம் ஆறிவிட்டது.

காத்திருப்புக் காலம் உரிமத்தில் எழுதப்படும் மணியிலிருந்து கணக்கு. கிளார்க் தேதியோடு நேரத்தையும் குறிப்பார். சனிக்கிழமை ஒன்பதரைக்கு முகூர்த்தம் என்றால் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு முன்பே உரிமம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். புதன்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் ஓடலாம் என்று எண்ணாதீர்கள். உங்களுக்கு முன்னால் நிலப் பத்திரத்தோடு இருவர் நின்றால் முகூர்த்தம் போய்விடும். திங்கள் அல்லது செவ்வாயே போய்விடுங்கள். இன்னும் முன்கூட்டிப் போனாலும் தவறில்லை, உரிமம் தொண்ணூறு நாள் வரை உயிரோடு இருக்கும்.

எட்டு மணி நேரத் திருமண முன்பயிற்சி வகுப்பு ஒன்று உண்டு. இணையத்திலேயே முடிக்கலாம். அந்தச் சான்றிதழைக் காட்டினால் எழுபத்திரண்டு மணி நேரக் காத்திருப்பு இல்லை, கட்டணத்திலும் 60 டாலர் குறையும். நாங்கள் செய்தோம். கணவரும் நானும் பணத்தைப் பற்றி முதன்முதலாக ஒளிவு மறைவின்றிப் பேசியது அந்த வகுப்பில்தான்.

கரிசல்மண் எழுதியது:

தம்பிக்கு வாழ்த்து. என்னுடைய கேள்வியும் அதே ஊர்ப் பக்கம்தான் என்பதால் இங்கேயே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம். கணவர் மெக்சிகோ வழி வந்த டெக்சஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் மகளுக்கு இப்போது பதினொரு வயது. என் பக்கத்தில் ஏழு தலைமுறைப் பெயர்களை என் ஆச்சி வாய்ப்பாடு போல ஒப்பிப்பார். அவற்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "அப்பா பக்கம் ஏன் மூன்றோடு நின்றுவிடுகிறது?" என்று கேட்கிறாள். கணவரின் பூட்டனும் பூட்டியும் 1880களின் நடுவில் ஃபோர்ட் டேவிஸில் திருமணம் செய்துகொண்டவர்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஃபோர்ட் டேவிஸ் இருப்பது ஜெஃப் டேவிஸ் கவுண்டியில். அந்தக் கவுண்டியின் திருமண ஏடுகளை இணையத்தில் இருக்கும் நிழற்பட நகல்களில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இல்லை. மாநிலச் சுகாதாரத் துறையிலும் விசாரித்தேன். 1966க்குப் பிந்தைய திருமணங்களுக்கு மட்டுமே அவர்களிடம் பெயர் அட்டவணை இருக்கிறது, அதற்கும் நகல் தர மாட்டார்கள், சரிபார்ப்புக் கடிதம் மட்டுமே தருவார்கள் என்று அறிந்தேன். இரண்டு வருடமாகத் தேடுகிறேன். குடும்பத்தார் சொன்னதே தவறாக இருக்குமோ என்ற எண்ணம் இப்போது வந்துவிட்டது.

ஏடுதேடி எழுதியது:

அம்மா, குடும்பத்தார் சொன்னது சரியாகவே இருக்கலாம். நீங்கள் கவுண்டியை மாற்றித் தேடுகிறீர்கள். நான் நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், ஆஸ்டினில் இருக்கிறேன். இந்தச் சிக்கலில் நிறைய பேர் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

1880களின் நடுவில் ஜெஃப் டேவிஸ் கவுண்டி என்று ஒன்று இல்லை. அது பிறந்தது 1887இல். அதற்கு முன் ஃபோர்ட் டேவிஸ் பிரெசிடியோ கவுண்டியில் இருந்தது. இருந்தது மட்டுமா, 1875இல் அந்தக் கவுண்டிக்கு நிர்வாகம் அமைந்தபோது அதன் தலைமையிடமே ஃபோர்ட் டேவிஸ்தான். பிறகு ரயில் பாதை வந்தது. அது ஃபோர்ட் டேவிஸைத் தொடாமல் தெற்கே மார்ஃபா வழியாகப் போனது. 1885இல் தலைமையிடம் மார்ஃபாவுக்கு மாறியது. தலைமையிடத்தை இழந்த ஃபோர்ட் டேவிஸ்காரர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்துத் தனிக் கவுண்டி கிடைத்தது. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஃபோர்ட் டேவிஸிலேயே பிறந்து, ஃபோர்ட் டேவிஸிலேயே மணந்து, அந்த ஊரை விட்டு நகராமலே வாழ்ந்திருந்தாலும், 1887க்கு முந்தைய அவர்களுடைய காகிதம் பிரெசிடியோ கவுண்டிக்கு உரியது. மார்ஃபாவில் கேளுங்கள்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் 1990இல் ஓர் ஆவணம் பதிந்திருந்தால் அதன் தலைப்பில் தென்னாற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். 1993க்குப் பிறகு விழுப்புரம், 2019க்குப் பிறகு கள்ளக்குறிச்சி. வீடு அதே இடத்தில் இருக்கிறது, மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே போனது. மேற்கு டெக்சஸில் இது இன்னும் குழப்பமானது. தம்பி போகவிருக்கும் ப்ரூஸ்டரும் 1887இல் பிரெசிடியோவிலிருந்து பிரிந்ததுதான். அதே ஆண்டில் புகேல், ஃபோலி என்று இன்னும் இரண்டு கவுண்டிகளை உண்டாக்கினார்கள். குடியேற ஆளில்லை. 1897இல் இரண்டையும் ப்ரூஸ்டரோடு சேர்த்துவிட்டார்கள். டெக்சஸிலேயே பெரிய கவுண்டியாக அது ஆனது அப்படித்தான். பிரிப்பதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் பரப்பு, மக்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு. வடக்கே லவிங் கவுண்டியின் கதை இன்னும் விசித்திரம். 1893இல் நிர்வாகம் அமைத்தார்கள், 1897இல் கலைத்து ரீவ்ஸ் கவுண்டியோடு இணைத்தார்கள், 1931இல் மறுபடி அமைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே மணந்தவர்களின் பதிவை இன்றைய லவிங் அலுவலகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எனவே முதலில் ஊரைக் கேட்காதீர்கள். "அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தக் கவுண்டி?" என்று கேளுங்கள். அடுத்தது இன்னும் முக்கியம்: "உரிமத்தைக் கொடுத்தது எந்தக் கவுண்டி?" டெக்சஸில் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கே அது திரும்பிப் போய்ச் சேரும், அங்கேதான் ஏட்டில் ஏறும். கல்யாணம் நடந்த ஊரில் ஒரு வரிகூட இருக்காது. அந்தக் காலத்தில் ரயில் நின்ற ஊரில் உரிமம் வாங்கிக்கொண்டு ஐம்பது மைல் தள்ளிப் பண்ணையில் மணந்தவர்கள் உண்டு.

மிட்லண்ட்வாசி எழுதியது:

ஐயா, அப்படியானால் நான் மிட்லண்டில் உரிமம் வாங்கினால், டெர்லிங்குவாவில் திருமணம் நடந்தும் ப்ரூஸ்டர் கவுண்டியின் ஏட்டில் எங்கள் பெயர் இருக்காதா?

ஏடுதேடி எழுதியது:

இருக்காது. திருமணம் நடந்த இடம் என்று ப்ரூஸ்டரின் பெயரை உரிமத்தில் எழுதுவார்கள். ஆனால் அந்தத் தாள் மிட்லண்டில் பதியப்படும். நாற்பது ஆண்டு கழித்து யாராவது அல்பைனுக்குப் போய்க் கேட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா சொல்வது சரி. ஆனாலும் நான் மிட்லண்டில் வாங்கவே சொல்வேன். நகல் எத்தனை முறை தேவைப்படும் தெரியுமா? பெயர் மாற்றம், சமூகப் பாதுகாப்பு அலுவலகம், ஓட்டுநர் உரிமம், குடிவரவு, இந்தியப் பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்பார்கள். மிட்லண்டில் என்றால் மதிய உணவு நேரத்தில் போய் வாங்கிவிடலாம். அல்பைன் மூன்று மணி நேரப் பயணம். விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வருவது வீண் அலைச்சல்.

கரிசல்மண் எழுதியது:

வைகை, உங்கள் கணக்கு சரிதான். நான் மறுகரையில் நிற்கிறேன். நூற்று நாற்பது ஆண்டு கழித்து ஒரு பெண் தேடும்போது எங்கே முதலில் போவாள்? குடும்பக் கதையில் எந்த ஊர் இருக்கிறதோ அங்கேதான் போவாள். "எங்கள் கொள்ளுத் தாத்தா டெர்லிங்குவாவில் கல்யாணம் செய்தார்" என்பதுதான் கதையாக மிஞ்சும். மிட்லண்ட் என்ற பெயரை யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். நகலைத் தபாலில் வாங்கலாம், ஐந்தாறு நகல் மொத்தமாக வாங்கி வைக்கலாம். தம்பி, அல்பைனிலேயே வாங்குங்கள் என்பது என் ஆசை.

ஐயா, மார்ஃபாவுக்கு எழுதுகிறேன். ஜெஃப் டேவிஸ் என்ற பெயரையே பற்றிக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

முன்னெழுத்து எழுதியது:

பெயர் சிக்கல் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்.

உரிமம் மறுக்கப்படாது தம்பி. ஆனால் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதைத் தட்டச்சு செய்யும்போதே பாருங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட்டுவிடுவார்கள். சிலருக்கு அது ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிவிடும். அங்கிருந்து திருமண உரிமத்துக்குத் தாவினால் பெண்ணின் பெயரே அதுதான் என்று ஆகிவிடும். என் மனைவிக்கு அப்படித்தான் ஆனது. திருத்த ஐந்து மாதம் அலைந்தோம். பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வேறுபாடு இருந்தால் உரிமம் வாங்கப் போவதற்கு முன்பே எது சரி என்று முடிவு செய்யுங்கள். அச்சான தாளில் கையெழுத்திடும் முன் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் படியுங்கள். வரிசையில் ஆள் நிற்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள்.

அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்களுக்கு வேறு குழப்பம். பெற்றோர் வந்து நிற்கும்போது அப்பாவுக்கு வேறு குடும்பப் பெயர், அம்மாவுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. இது நம் வழக்கம், தவறில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலான கிளார்க்குகள் புரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று, டெக்சஸில் திருமண உரிமம் உங்கள் பெயரை மாற்றாது. பெண் தன் பெயரோடு கணவர் பெயரைச் சேர்க்க விரும்பினால், பதிவான பிறகு சான்றிட்ட நகலோடு மற்ற அலுவலகங்களுக்குப் போக வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு நேர்மாறு. அங்கே புதிய பெயரை உரிமத்திலேயே எழுதிவிடலாம், எழுதாமல் விட்டால் பிறகு அந்தத் தாளில் சேர்க்க முடியாது. அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்வதை வைத்து இங்கே முடிவெடுக்காதீர்கள்.

ஓதுவார்மகன் எழுதியது:

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். தமிழ் முறைத் திருமணங்களை நடத்தி வைக்கிறேன். ஒரு சமய அமைப்பின் அதிகாரம் பெற்றவர் நடத்தலாம் என்று டெக்சஸ் சட்டம் சொல்கிறது. அதனால் கோயில் குருக்களோ அமைப்பின் ஒப்புதல் பெற்ற ஓதுவாரோ நடத்தலாம். நீதிபதிகளும் நடத்தலாம், உள்ளூர் அமைதி நீதிபதி உட்பட. உறவினர் யாரோ ஒருவர் எழுந்து நின்று மந்திரம் சொன்னால் போதாது. யார் நடத்தப் போகிறார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

இடம் தனியார் நிலம் என்பதில் எனக்கு நிம்மதி. பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குள் என்றால் தனி அனுமதி வாங்க வேண்டும், தரையில் விறகுத் தீ மூட்டவும் தடை. தனியார் நிலத்திலும் வறட்சிக் காலத்தில் கவுண்டி நிர்வாகம் தீ மூட்டத் தடை போடுவது உண்டு. மார்ச் மாதம் அங்கே காற்றடிக்கும் காலம். வேள்வி வேண்டும் என்று அம்மா வற்புறுத்தினால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். திருமுறை ஓதி, விளக்கேற்றி நடத்தும் திருமணத்துக்கு இந்தக் கவலை இல்லை.

நடத்தி வைத்தவர் உரிமத்தில் தேதியையும் கவுண்டியின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, முப்பது நாளுக்குள் உரிமம் கொடுத்த கிளார்க்குக்கு அனுப்ப வேண்டும். இது அவருடைய கடமை. நான் அன்றைக்கே மண்டபத்தில் கையெழுத்திட்டு, மறுவேலைநாள் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை மணமக்களுக்குப் படம் எடுத்து அனுப்புவேன்.

வைகைக்கரை எழுதியது:

இதை நீங்கள் சொன்னதும் நெஞ்சு படபடக்கிறது. எங்களுக்கு நடத்தி வைத்த பெரியவர் உரிமத்தைப் பூஜைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் மேல் கோபமில்லை, நல்ல மனிதர். இரண்டு மாதம் கழித்து நகல் கேட்டுப் போனபோதுதான் பதிவே இல்லை என்று தெரிந்தது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் இந்தியாவிலிருந்து திரும்பிய பிறகு அதே பையிலிருந்து, குங்குமக் கறையோடு, அந்தத் தாள் கிடைத்தது. கிளார்க் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு மாதமும் நான் தூங்கவில்லை. யாரையும் நம்பி விடாதீர்கள் தம்பி. நீங்களே கையில் வாங்கிப் போய்க் கொடுங்கள்.

ஏடுதேடி எழுதியது:

சின்னக் கவுண்டிகளைப் பற்றி ஒரு சொல். எண்ணாயிரம் பேருக்குக் குறைவான கவுண்டிகளில் கவுண்டி கிளார்க்கும் மாவட்ட நீதிமன்றக் கிளார்க்கும் பெரும்பாலும் ஒருவரே. நிலப் பத்திரம், பிறப்பு இறப்பு, வழக்குக் கட்டு, தேர்தல் வேலை எல்லாம் அந்த ஒருவர் தலையில். நகரத்து அலுவலகம் போல இணையத்தில் படிவம் அனுப்பிவிட்டு மறுநாள் பதில் எதிர்பார்க்காதீர்கள். தொலைபேசியில் பேசுங்கள், மதிய உணவுக்கு மூடுவார்களா, தபால் விண்ணப்பத்துக்குக் காசோலை வாங்குவார்களா என்று கேளுங்கள். இவர்களைப் போல உதவும் மனிதர்களை நான் பெரிய நகரங்களில் பார்த்ததில்லை. பெயரைச் சொன்னால் சில நேரம் அந்தக் குடும்பத்தையே தெரிந்திருக்கும்.

கரிசல்மண் அம்மாவுக்கு: கேட்கும்போது மணமகன் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். பழைய ஏடுகளுக்கு மணமகன் அட்டவணை, மணமகள் அட்டவணை என்று இரண்டு இருக்கும். ஸ்பானிஷ் பெயர்களை ஆங்கிலக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முதலெழுத்தான எச் ஸ்பானிஷில் ஒலிக்காது, அதனால் ஹெர்னாண்டஸ் என்ற பெயரை ஈ எழுத்தின் கீழ் தேட வேண்டி வரலாம். பி இருக்க வேண்டிய இடத்தில் வி இருக்கலாம். ஸ்பானிஷ் வழக்கில் அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்து வரும். கடைசியில் வருவதே குடும்பப் பெயர் என்று நினைத்து அம்மா பெயரின் கீழ் அட்டவணையிட்டிருப்பார்கள். நம் முன்னெழுத்துகளுக்கு இன்று நடக்கும் அதே வேலை அன்று அவர்களுக்கு நடந்திருக்கிறது.

கரிசல்மண் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

கிடைத்துவிட்டது! ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. மணமகள் அட்டவணையில், நீங்கள் சொன்னது போலவே அம்மா வழிப் பெயரின் கீழ் இருந்தது. பிரெசிடியோ கவுண்டி, 1884. அலுவலகத்தில் இருந்த பெண்மணி பக்கத்தை நகலெடுத்து அனுப்பினார்.

ஆனால் ஒரு பெரிய கவலை. தாளின் மேல் பாதியில் உரிமம் கொடுத்த விவரம் இருக்கிறது. கீழ்ப் பாதியில், நடத்தி வைத்தவர் தேதி எழுதிக் கையெழுத்திட வேண்டிய இடம் வெற்றாக இருக்கிறது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அவர்கள் கல்யாணமே செய்துகொள்ளவில்லையா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஏடுதேடி எழுதியது:

மகளிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வைகைக்கரை அம்மாவின் பூஜைப் பைக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். அன்றைக்குப் பாதிரியார் குதிரையில் ஊர் ஊராகப் போனார். தாள் சேணப் பையிலேயே கிழிந்துபோயிருக்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்கள் கோயில் ஏட்டையே உண்மையான பதிவாகக் கருதின, கவுண்டித் தாள் அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, 1900ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவருக்கும் திருமணம் ஆகி எத்தனை ஆண்டு என்று ஒரு கட்டம் உண்டு. பதினாறு அல்லது பதினைந்து என்று இருந்தால் 1884உடன் பொருந்தும். 1890 கணக்கெடுப்பைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி 1921ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் இல்லாமல் போனது. இரண்டாவது, ஃபோர்ட் டேவிஸ் கத்தோலிக்கக் கோயிலின் திருமண ஏடு. அந்தப் பகுதி இப்போது எல் பாசோ மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்த மறைமாவட்டம் 1914இல்தான் அமைந்தது, அதனால் ஏடு பங்கிலேயே இருக்கிறதா, வேறெங்காவது போயிருக்கிறதா என்று இரு இடத்திலும் கேளுங்கள். அல்பைனில் சுல் ராஸ் பல்கலைக்கழகத்தில் பிக் பெண்ட் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. அவர்களையும் கேட்கலாம்.

மிட்லண்ட்வாசி எழுதியது:

அக்காவின் வெற்றுக் கட்டத்தைப் பற்றி மணப்பெண்ணிடம் சொன்னேன். அவர் உடனே, "நாம் அல்பைனில்தான் வாங்குகிறோம், திருப்பிக் கொடுப்பதும் நம் கையால்தான்" என்று சொல்லிவிட்டார். வைகை அக்கா மன்னிக்க வேண்டும். திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறோம். ஓட்டுநர் உரிமத்தில் அவருடைய பெயரையும் சென்ற வாரம் சரி செய்துவிட்டோம், முன்னெழுத்து அண்ணாவுக்கு நன்றி.

முன்னெழுத்து எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. இந்தியாவில் காட்டுவதற்கு அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று) வேண்டும் என்றால் சான்றிட்ட நகலை ஆஸ்டினில் மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முத்திரைக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருப்பதால் டெக்சஸ் முத்திரை அங்கே செல்லும். ஆகஸ்டில் ஊரில் நடப்பதை விருந்து, சடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விண்ணப்பங்களிலும் திருமணத் தேதி என்று மார்ச் மாதத் தேதியையே எழுதுங்கள். ஒரு படிவத்தில் மார்ச், இன்னொன்றில் ஆகஸ்ட் என்று எழுதிவிட்டு விளக்கம் சொல்லித் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

மிட்லண்ட்வாசி எழுதியது (மார்ச் மாத இறுதியில்):

திருமணம் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு உரிமம் கிடைத்தது. அம்மா உரிமத்தில் இருந்த மணியைப் பார்த்துவிட்டு அது நல்ல ஓரையா என்று பஞ்சாங்கத்தில் தேடினார். சனிக்கிழமை காற்று பலமாக இருந்தது, விளக்கை இருவர் மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஓதுவார்மகன் அண்ணா ஹூஸ்டனிலிருந்து அவ்வளவு தூரம் வந்து நடத்திக் கொடுத்தார். தாலி கட்டிய அரை மணி நேரத்தில் கையெழுத்தும் போட்டார். திங்கட்கிழமை திரும்பும் வழியில் அல்பைனில் நாங்களே கொடுத்தோம். அப்பா தன் ஜாதக நோட்டில் கவுண்டியின் பெயர், தொகுதி எண், பக்க எண் மூன்றையும் தமிழில் எழுதிக்கொண்டார். ஏழு நகல் வாங்கியிருக்கிறோம்.

கரிசல்மண் எழுதியது:

இருவரும் நீடூழி வாழ்க. நானும் ஒரு செய்தியோடு வந்திருக்கிறேன்.

1900 கணக்கெடுப்பில் "பதினாறு" என்று இருந்தது. அதன் பிறகு கோயில் ஏட்டின் நகலும் வந்தது. உரிமம் வாங்கிய நான்காம் நாள் திருமணம் நடந்திருக்கிறது, பாதிரியார் கையெழுத்து இருக்கிறது. கவுண்டித் தாளில் இல்லாத ஒன்றும் அதில் இருக்கிறது: இருவருடைய பெற்றோரின் பெயர்கள். மணமகளின் பெற்றோர் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் ஒஹினாகாவைச் சேர்ந்தவர்கள் என்று எழுதியிருக்கிறது. இப்போது மகளுக்கு அப்பா பக்கம் ஐந்து தலைமுறை ஆகிவிட்டது. பெயர்களை அவளே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஐயா, சிவாவா மாநிலத்துப் பழைய கோயில் ஏடுகளைப் பார்க்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? இவள் என்னைச் சும்மா இருக்க விடுவதாக இல்லை.

ஏடுதேடி எழுதியது:

மெக்சிகோவின் கோயில் ஏடுகளில் பெரும்பகுதி மைக்ரோஃபிலிமாக எடுக்கப்பட்டு இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒஹினாகா என்ற பெயரில் மட்டும் தேடாதீர்கள். 1865க்கு முன் அந்த ஊரின் பெயர் பிரெசிடியோ டெல் நோர்டே. மகளிடம் இந்தப் பெயரைக் கொடுத்து ஸ்பானிஷில் எழுதிப் பழகச் சொல்லுங்கள். தனி இழை தொடங்குங்கள், நான் அங்கே வருகிறேன்.